ஜன்னல் சிஸ்டரின் காதும் என் மூக்கும்

என் மருமகள் காது வார்டில் நர்ஸ். பதினேழு வருடமாக அதே வார்டு, அதே பதினான்கு கட்டில். அங்கே அவளுக்கு ஜன்னல் சிஸ்டர் என்று பெயர். யாராவது கதவோரம் நின்றுகொண்டு வாயைத் திறந்தால் போதும், தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்பாள். பெரிய டாக்டரையே ஒருமுறை அப்படி நிறுத்தியிருக்கிறாள். காது மந்தமானவர்களுக்குப் பேசுகிறவன் முகம்தான் பாதிக் காது, முகம் இருட்டில் இருந்தால் அந்தப் பாதியும் போச்சு என்பது அவள் கட்சி.

அந்த வார்டுக்கென்று சில சட்டங்கள் உண்டு. எல்லாம் அவள் போட்டவை. பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. முன்னால் வந்து, கையைத் தொட்டு, பார்த்த பிறகே பேசவேண்டும். வாயில் கையை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. கத்தக் கூடாது, கத்தினால் முகம் கோணும், சத்தம்தான் வளரும், சொல் வளராது. சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கவேண்டும். நோயாளி சும்மா தலையாட்டினால் விடமாட்டாள். "தலையாட்டுறது கழுத்தோட வேலை. எனக்குக் காதோட வேலை நடந்துச்சான்னு தெரியணும்" என்பாள்.

இதெல்லாம் தெரியாமல் அவளை நான் ஒரு வருடம் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பை மறைத்துவிட்டுக் கதை சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தப்பு அவ்வளவாக என்மேல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள், முதுகு என் பக்கம் இருக்கும். நான் என் அறையிலிருந்து, "ஏம்மா, கதவைத் தட்டுறாங்க" என்பேன். திரும்பமாட்டாள். "ஏம்மா, அந்தக் குழாயை மூடு" என்பேன். மூடமாட்டாள். பேசாமல் போனால் போகட்டும் என்று நான் பின்னால் நின்றே முணுமுணுக்க ஆரம்பித்தேன். "பெரிய உத்தியோகம். ஊரான் காதுக்கெல்லாம் மருந்து விடுறா, மாமியார் வாய்க்கு மரியாதை இல்ல." எதற்கும் அசையமாட்டாள். எத்தனை அழுத்தம் பாருங்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

என் மகனிடம் சொன்னால் அவன் எந்தப் பக்கமும் சாயமாட்டான். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். காலையும் மாலையும் நாற்பது பிள்ளைகள் அவன் பிடரிக்குப் பின்னால் அலறிக்கொண்டு வரும். "அம்மா, ஒருத்தர் பேசாம இருந்தா அது வரம். அதைப் போய்க் குத்தமா சொல்றியே" என்பான்.

கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி அவளோடு பேசுவதில்லை. அவளாக வந்து, "அத்தை, என்மேல என்ன கோபம்?" என்று கேட்கட்டும். அதுவரைக்கும் ஒரு சொல் கிடையாது. வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தவம் என்று. மகன்கூடப் பயந்துபோய்ச் சாப்பாட்டில் உப்பு கூடினாலும் ஏன் என்று கேட்கவில்லை.

பதினோராம் நாள் அவள் என் முன்னால் வந்தாள். கையைத் தொட்டாள். முகத்தையே பார்த்தாள். வந்துவிட்டாள் வழிக்கு என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன அத்தை, ரெண்டு நாளா கொஞ்சம் சோர்வா இருக்கீங்க? வாய்ப்புண்ணா?"

இரண்டு நாளாம்! என் பதினோரு நாள் தவம் அவள் கணக்கில் இரண்டு நாள் வாய்ப்புண். அந்த ஆத்திரத்தில் அன்று சாயங்காலம் வரை நிறுத்தாமல் பேசினேன்.

பிறகுதான் என் காது விவகாரம் வந்தது. எனக்குக் காதில் ஊறல் எடுத்தால் கொண்டை ஊசியால் குடைந்துவிடுவது வழக்கம். "காதுக்குள்ள முழங்கையைத் தவிர வேற எதையும் விடாதீங்க அத்தை" என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். முழங்கை எப்படிக் காதுக்குள் போகும் என்று கேட்டால், அதனால்தான் சொல்கிறேன் என்பாள். நான் கேட்கவில்லை. என் காது, என் ஊசி. ஒருநாள் காது பன் ரொட்டி மாதிரி வீங்கிப்போய், தலையணையில் தலை வைக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "சர்க்கரையும் இருக்கு, காதுக்குள்ள சீழும் இருக்கு, அஞ்சு நாள் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டார். ஒன்பதாம் நம்பர் கட்டில். மருமகள் வார்டில் மாமியார்.

அங்கே போய்ப் படுத்த பிறகுதான் அவளை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். வீட்டில் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா.

சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தவுடன் காதில் விடமாட்டாள். கைக்குள் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். "சில்லுன்னு விட்டா தலை சுத்தும் அத்தை. உடம்புச் சூடு வரட்டும்." விட்ட பிறகு ஐந்து நிமிடம் அப்படியே ஒருக்களித்துப் படுக்கவேண்டும். நான் எழுந்துவிடுவேன் என்று தெரிந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். மற்ற கட்டில்களில் சிறு பலகை தொங்கும். பேச்சு புரியாதவர்களுக்கு அதில் எழுதிக் காட்டுவார்கள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் என் பலகையில் படம் போட்டாள். ஒரு கொண்டை ஊசி, அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என் தலையைப் பார்த்தார்கள்.

வார்டின் நடுவே ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் ஆண்கள். அது எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். திரைக்கு அப்பால் பத்தாம் நம்பரில் ஒரு கண்டக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதும் மந்தம், அதோடு எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும். என் மருமகள் அவரிடம், "எந்திரிக்கிறதுக்கு முன்னாடி உக்காருங்க. உக்காந்து இருபது எண்ணுங்க. அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று தினமும் சொல்வாள்.

"ஓடுற பஸ்ஸுல முப்பது வருஷம் கம்பியைத் தொடாம நின்னவன் சிஸ்டர் நான்!" என்பார். சொல்லிவிட்டு எழுவார். எழுந்தவுடன் கட்டில் மேலேயே தொப்பென்று உட்காருவார். "டிரைவர் சரியில்ல" என்பார்.

காதுக்கு மாட்டுகிற கருவியை அவருக்கு வாங்கிக் கொடுத்து எட்டு மாதமாம். மாட்டமாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், நிறுத்தவும் மாட்டார். பைக்குள் கிடந்தால் அது கீச்சென்று விசில் அடிக்கும். அவருக்கு அது கேட்காது. வேலையை விட்டபிறகும் இந்த மனிதர் பைக்குள்ளிருந்து விசில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் நான் கட்டிலைப் பிடித்துக்கொள்வேன், வண்டி கிளம்பிவிடுமோ என்று.

"காதுல இருந்தாத்தான் ஐயா அது கருவி. பையில இருந்தா அது பொத்தான்" என்பாள் மருமகள்.

"கிழவன்னு நினைப்பாங்க சிஸ்டர்."

"பேசுறதுக்கெல்லாம் சம்பந்தமில்லாம சிரிச்சா மட்டும் என்னன்னு நினைப்பாங்க?"

அதற்கு அவர் சம்பந்தமில்லாமல் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை. என் மருமகள் என் கட்டிலருகே, கதவுக்கு முதுகு காட்டி, மருந்து பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அப்போது வார்டு ஆயா, மூத்திரம் போகிற தட்டுகளைக் கழுவி, ஆளுயரத்துக்கு அடுக்கிக் கொண்டுவந்தாள். சரியாக என் மருமகளின் முதுகுக்குப் பின்னால் கால் தடுக்கியது. பதினெட்டு இரும்புத் தட்டும் கல் தரையில் விழுந்தன.

வார்டே துள்ளியது. மூன்றாம் நம்பர் அம்மாளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்பார்கள்; அவளே எழுந்து, "யாரு? உள்ள வாங்க" என்றாள். கண்டக்டர் இருபது எண்ணாமல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார், முப்பது வருடத்தில் முதல்முறையாக. நான் தலையணைக்குள் போய்விட்டேன்.

என் மருமகள் மட்டும் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் இமைகூட அடிக்கவில்லை. கடைசித் தட்டு உருண்டு உருண்டு அவள் செருப்பில் வந்து முட்டிய பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்தாள். பார்த்தபிறகே திரும்பினாள்.

குழாய், கதவு, பதினோரு நாள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. இருந்தாலும் நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும், நாலடி தூரத்தில், அவள் முதுகைப் பார்த்து, நல்ல காதுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்:

"நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா. என் மகனுக்கு நீ கிடைச்சது எங்க பாக்கியம்."

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. இதைக் கேட்டும் ஒரு மருமகள் திரும்பவில்லை என்றால் அவளுக்குக் காது கேட்கவில்லை என்றே அர்த்தம். அவள் திரும்பவில்லை. போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். அவள் கையைத் தொட்டேன். ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய், என் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றுகொண்டேன்.

"உனக்குக் காது கேக்கல."

அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. "கேக்குது அத்தை. கொஞ்சம் கம்மியா..."

"இப்ப சும்மா தலையாட்டாத. எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

இரண்டு வருடமாகக் காது வார்டிலேயே காது கேட்காத நர்ஸ் வேலை பார்த்திருக்கிறாள், ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அங்கே எல்லாரும் முன்னால் வந்து, தொட்டு, வெளிச்சத்தில் நின்று, மெதுவாகப் பேசி, திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். நோயாளிகளுக்காக அவள் போட்ட சட்டம் அவளையே போர்த்தி மறைத்துவிட்டது. டாக்டர்கூட அவளிடம் ஜன்னலில் நின்றுதான் பேசுகிறார். அவள் குரல் உயர்த்திப் பேசமாட்டாள், எவ்வளவு பொறுமை என்று எல்லாரும் மெச்சுவார்கள். பொறுமையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிக் காதுக்காரர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்கே உரக்கக் கேட்குமாம், அதனால் மெதுவாகப் பேசுவார்களாம். எல்லாருக்கும் கண்ணெதிரே கிடந்த அடையாளத்தை எல்லாரும் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் திமிர் என்றேன். உண்மைக்குக் கிட்டத்தில் வந்தவள் நானாக்கும்.

"காட்டிக்க வேண்டியதுதானே? இத்தனை டாக்டர் இருக்காங்களே இங்க?"

"புதுசா உத்தரவு போட்டிருக்காங்க அத்தை. நர்ஸுங்க எல்லாருக்கும் கண்ணு, காது சோதனை. காது சரியில்லைன்னா வார்டு கிடையாது. கீழ துணிக்கிடங்கு. போர்வை, உறை எல்லாம் எண்ணி அடுக்கணும்." அவள் கண் கலங்கியது. "பதினேழு வருஷம் மனுஷங்களைப் பார்த்துட்டு, இனிமே போர்வையைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா? முதல் தடவை வேலை நேரத்தை மாத்திக்கிட்டேன். ரெண்டாவது தடவை சளின்னு சொன்னேன். இப்ப மேட்ரன் அம்மா நாள் குறிச்சுட்டாங்க. வர்ற புதன்கிழமை."

"மணி அடிச்சா எப்படித் தெரியுது?"

"மணி அடிச்சா கட்டிலுக்கு மேல விளக்கு எரியும். அதைத்தான் பார்த்துக்கிட்டே இருப்பேன்." நிமிர்ந்து அந்த விளக்குகளைப் பார்த்தாள். "போன மாசம் பதிமூணாம் நம்பர் விளக்கு போயிடுச்சு. அந்தப் பெரியவர் பத்து நிமிஷம் மணி அடிச்சிருக்காரு. ஒண்ணும் ஆகல, தண்ணிக்குத்தான். ஆனா அன்னியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல அத்தை."

இதைக் கேட்ட பிறகு புத்தியுள்ள மாமியாராக இருந்தால், போய் டாக்டரிடம் சொல் என்று சொல்லியிருப்பாள். நான், "அந்தச் சோதனை எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

கண்ணாடி வைத்த ஒரு பெட்டி அறை. அதற்குள் உட்காரவைத்து, காதில் பெரிய கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். வெளியே சோதனை செய்கிறவர் ஒரு மிஷினில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்புவார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். அவரைப் பொத்தான் சார் என்பார்கள். நாள் முழுதும் அமைதியிலேயே உட்கார்ந்து அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அடுத்த நாள் என்னையும் அங்கே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். என் முறைக்காக வெளியே காத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவர் சத்தம் அனுப்பும்போதெல்லாம் மிஷினில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. ஆனால் பொத்தான் சாரின் முதுகுக்குப் பின்னால், கூட வந்தவர்கள் உட்காருகிற பெஞ்சிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பெஞ்சில் இருப்பவரைக் கண்ணாடி வழியாகப் பெட்டிக்குள் இருப்பவரும் பார்க்கலாம்.

"விளக்கு எரிஞ்சா நான் மூக்கைத் தொடுறேன். நீ பொத்தானை அழுத்து" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் அத்தை. அது தப்பு."

"உன்னைப் போர்வை அடுக்க அனுப்புறது ரைட்டா?"

"அத்தை, வேண்டாம்."

"நான் மூக்கைத் தொடுவேன். அது என் மூக்கு. அழுத்துறதும் அழுத்தாததும் உன் இஷ்டம்."

காது ஆறி நான் வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை, காதைக் காட்டவேண்டும் என்று சொல்லி அவள் கூடவே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவள் பெட்டிக்குள் போனாள். கதவு மூடியது. பொத்தான் சார் மிஷினைத் திருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நான் மூக்கைத் தொட்டேன்.

அவள் அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி விளக்கு, மறுபடி மூக்கு. பொத்தான் சார் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்தாளோ, துணிக்கிடங்கைப் பார்த்தாளோ தெரியாது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் மூக்கைத் தொட்டேன். அவள் விரல் அழுத்தியது.

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒரே யந்திரம் மாதிரி வேலை செய்தோம். விளக்கு, மூக்கு, பொத்தான். அவர் சத்தத்தைக் குறைத்தார். விளக்கு, மூக்கு, பொத்தான். இன்னும் குறைத்தார். எனக்கு உற்சாகம் பொங்கியது. எவ்வளவு குறைத்தால் எவ்வளவு கேட்கவேண்டும் என்கிற கணக்கெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நூற்றுக்கு நூறு வாங்கவேண்டும் என்று நான் ஒன்றையும் விடவில்லை. மருமகளுக்குக் கணக்கு தெரியும். ஆனால் பயத்தில் மூக்கைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பொத்தான் சார் தலையைச் சொறிந்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, பெட்டிக்குள் சத்தம் போகிற வயரை மிஷினிலிருந்து பிடுங்கினார். வயரை ஒரு கையில் தொங்கவிட்டபடி மறுகையால் மிஷினின் பொத்தானைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. நான் மூக்கைத் தொட்டேன். உள்ளே அவள் அழுத்தினாள்.

அவர் தட்டினார். தொட்டேன். அழுத்தினாள். மூன்று தடவை.

அவர் நாற்காலியை அப்படியே சுழற்றித் திரும்பினார். என் விரல் மூக்கின் நுனியில் இருந்தது. எடுக்கவும் தோன்றவில்லை.

"என்ன பாட்டிம்மா, மூக்கு ரொம்ப அரிக்குதா?"

"ஆமாங்க சார். சளி."

"பச்சை விளக்கு எரியறப்ப மட்டும் அரிக்கிற சளியா?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

அவர் வயரைத் தூக்கிக் காட்டினார். "உங்க மருமகளுக்கு வயரே இல்லாம கேக்குது. நாய்க்குக்கூட இவ்வளவு கேக்காது. இதை நான் எழுதிக் கொடுத்தா இவங்களை ஆஸ்பத்திரியில வச்சுக்கமாட்டாங்க, போலீஸுல சேர்த்துக்குவாங்க." அன்று அவர் பேசியது ஒரு மாதத்துப் பேச்சு என்றார்கள்.

மருமகள் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். காது மடல் சிவந்திருந்தது. "சார், மறுபடியும் முதல்ல இருந்து வைங்க. அத்தையை வெளியில உக்கார வைங்க."

நான் வெளியே உட்கார்ந்தேன். நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். சோதனை முடிந்து வந்த தாளில், கேட்கிற அளவைக் காட்டும் கோடு தரைக்குப் போயிருந்தது. காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு இறுகிப்போய் அசையமாட்டேன் என்கிறதாம். "மாமியார் மாதிரி" என்று டாக்டர் சொல்லவில்லை. என் மகன் சொன்னான். பின்னால் அறுவை செய்யலாம், இப்போதைக்குக் கருவி மாட்டினால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர்.

மேட்ரன் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெரிய மேசை, அதைவிடப் பெரிய கொண்டை. அந்தக் கொண்டையைப் பார்த்தாலே நர்ஸுகள் நேராக நிற்பார்களாம்.

"யோசனை யாரோடது?"

"என்னோடது. இவ வேண்டாம்னுதான் சொன்னா" என்றேன்.

"அழுத்தினது நான்" என்றாள் மருமகள். "பதிமூணாம் நம்பர் மணியும் ஒரு தடவை எனக்குக் கேக்கல மேடம்." கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறாளே என்று அவள் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டு சொல்லி முடித்தாள்.

மேட்ரன் அம்மா சோதனைத் தாளை மடித்து வைத்தார். "காதை மறைக்கிற நோயாளியைத் திட்டுற நர்ஸ், தன் காதை மறைச்சிருக்கீங்க. திங்கட்கிழமையிலிருந்து துணிக்கிடங்கு."

"மூணு வாரம் கொடுங்க மேடம். கருவி மாட்டிக்கிட்டு வார்டுல வேலை பார்க்கிறேன். கூட இன்னொரு நர்ஸ் இருக்கட்டும்."

"சரி. மூணு வாரம். பின்னாடி இருந்து யார் பேசினாலும் உங்களுக்குக் கேக்கணும். நானே வருவேன், எப்போன்னு சொல்லமாட்டேன். கேக்கலைன்னா அன்னிக்கே கிடங்கு." பிறகு என்னைப் பார்த்தார். "பாட்டிம்மா, உங்க கை எங்க இருக்குன்னும் பார்ப்பேன்."

இந்தச் செய்தி வார்டுக்குள் போனபோது கண்டக்டர் கட்டிலில் நிமிர்ந்தார். ஆயா அவருக்கு மூன்று முறை திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. "எட்டு மாசமா என்னைப் போட்டு வறுத்தெடுத்தீங்களே சிஸ்டர்! உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்தார். "சரி. நீங்க எத்தனை நாள் மாட்டுறீங்களோ, அத்தனை நாள் நானும் மாட்டுறேன். யாரு முதல்ல கழட்டுறாங்களோ அவங்க தோத்தாங்க."

ஐந்தே நாளில் கேட்டுவிடும் என்று நினைத்தோம். எங்கே? முதல் வாரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாளைத் திருப்பினால் மழை கொட்டுகிற மாதிரி இருக்கிறதாம். செருப்புச் சத்தம் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறதாம். கண்டக்டரோ, "சிஸ்டர், இந்தத் திரை எப்பவும் இப்படித்தான் கத்துமா?" என்று கேட்டார். அது இரண்டு வருடமாகக் கத்துகிறது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. இருவரும் பகலில் முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு ஆறு என்று கூட்டிக்கொண்டே போனார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "காதுக்கு ஓய்வு" என்பாள். அதனால் வீட்டில் என் முணுமுணுப்புக்கு ஒரு குறைவும் வரவில்லை. அவளுக்குக் கேட்காது என்கிற பழக்கமும் என்னைவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை என் காதைக் காட்டப் போனேன். மருந்து அலமாரிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எனக்கு மூன்றடி முன்னால் என் மருமகள், முதுகு என் பக்கம், மூன்றாம் நம்பர் அம்மாளுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கண்டக்டர், கருவியோடு.

அப்போது கதவு வழியாக மேட்ரன் அம்மா நுழைந்தார். ரப்பர் செருப்பு, ஒரு சத்தம் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். கூப்பிடவில்லை. சரியான நேரம் பார்க்கிறார்.

விரல் தானாக மூக்குக்குப் போகத் துடித்தது. மேட்ரன் அம்மா என் கையையே பார்த்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். கையைக் கட்டினால் என்ன ஆகும்? எனக்கு வாய் அவிழ்ந்துவிடும். மேட்ரன் அம்மா கடிகாரத்தைப் பார்க்கத் தலையை அந்தப் பக்கம் திருப்பியதும், வாய்க்குள்ளேயே, பல்லுக்கு இந்தப் பக்கமே, முணுமுணுத்தேன்:

"வந்துட்டா கொண்டையைத் தூக்கிக்கிட்டு. என் மருமகளைக் கிடங்குக்கு அனுப்புறாளாம். இவ கொண்டைக்குள்ள ரெண்டு தலையணையை வச்சிருக்கா, முதல்ல அதைக் கிடங்குல சேர்க்கட்டும்."

என் மருமகள் திரும்பவில்லை. பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, மெதுவா. யாரு கொண்டையைப் பத்திப் பேசுறீங்க? மேட்ரன் அம்மா காதுல விழுந்தா அவ்வளவுதான்."

அவள் பஞ்சை வைத்து முடித்து, அந்த அம்மாளின் தலையைச் சரியாகத் தலையணையில் வைத்துவிட்டு, திரும்பினாள். மேட்ரன் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் கை கொண்டைமேல் இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். "எனக்கும் கேட்டுச்சு! எனக்கும் கேட்டுச்சு! கொண்டைக்குள்ள ரெண்டு தலையணை!" கண்டக்டர் இருபதும் எண்ணி, கம்பியைப் பிடித்து, எழுந்தே நின்றுவிட்டார்.

மேட்ரன் அம்மா என் முன்னால் வந்தார். என் கையைத் தொட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார்.

"பாட்டிம்மா, நான் இன்னும் கூப்பிடவே இல்ல."

"தெரியுங்க."

"ரெண்டு இல்ல. ஒண்ணுதான். அதுவும் சின்னது." பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதி என் மருமகளிடம் காட்டினார். அவர் போனபிறகு அதில் என்ன எழுதினார் என்று என் மருமகளைக் கேட்டேன். அவள் பேச முடியாமல் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். "வார்டுலயே இருக்கட்டும்னு எழுதியிருக்காங்க அத்தை."

எல்லா விளக்கும் எரிகிறதா என்று இப்போது தினமும் காலையில் பதினான்கு மணியையும் அவளே அடித்துப் பார்க்கிறாள். கண்டக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். பையில் விசில் இல்லாமல் அவர் தெருவில் நடப்பதை யாரும் நம்பவில்லையாம்.

எனக்குத்தான் நஷ்டம். அவள் வீட்டிலும் கருவியைக் கழற்றுவதில்லை. முணுமுணுக்க வேண்டுமென்றால் நான் மாடிக்குப் போகவேண்டியிருக்கிறது, முழங்கால் வலியோடு. போன வாரம் பாதிப் படியிலேயே ஆரம்பித்துவிட்டேன். "மேல போய்ப் பேசுங்க அத்தை, இங்க கேக்குது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. ஆயா ஒரு வாயாடி. தட்டு விழுந்த அன்று நான் மருமகள் முதுகைப் பார்த்து என்னவோ சொல்லிச் சோதித்தேன் என்று இவளிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, தட்டுப் பொறுக்குகிற சத்தத்தில் வார்த்தை அவள் காதில் விழவில்லை. அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க அத்தை?"

"திட்டினேன்."

"என்னன்னு திட்டினீங்க?"

"ஞாபகம் இல்ல. குழாயை மூடு."

மூடுகிறாள். முதுகு அசையாமல் காத்திருக்கிறாள். நான் சொல்லப் போவதில்லை. இப்போது சொன்னால் கேட்டுவிடுமே.